நான்கு மணிக்குப் பிறகு

அன்புள்ள தம்பி,

மதுரையிலிருந்து குடும்பத்தோடு நோர்வேயின் ஒஸ்லோவுக்கு வந்து மூன்று மாதமாகிறது என்று எழுதியிருந்தீர்கள். மகனுக்கு ஏழு வயது, மகளுக்கு நான்கு. வேலை பிடித்திருக்கிறது, வீடும் அமைந்துவிட்டது. "ஆனால் அலுவலகத்தில் எல்லாரும் நான்கு மணிக்கே எழுந்து போய்விடுகிறார்கள். நானும் வீட்டுக்கு வந்துவிடுகிறேன். வெளியே இருட்டு. பிள்ளைகள் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன். இங்கே ஓர் அப்பா அன்றாடம் என்னதான் செய்கிறார் அண்ணா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்வியை என் மகள் பிறந்த காலத்தில் நான் யாரிடமாவது கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் சில வருடங்களை இழந்தேன். அதனால் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

நான் யாழ்ப்பாணத்துக்காரன். 1990இல் வந்தபோது எனக்கு இருபது வயது. முதல் ஐந்து வருடம் வடக்கே ஃபின்மார்க்கில் ஒரு மீன் ஆலையில் கொட் மீன் வெட்டினேன். நவம்பர் கடைசியில் மறைகிற சூரியன் ஜனவரி நடுவில்தான் திரும்பி வரும் ஊர் அது. அதற்குப் பிறகு ஒஸ்லோ, கல்யாணம், பிள்ளைகள். மகள் இப்போது துரொண்ட்ஹெய்மில் படிக்கிறாள். மகனுக்குப் பதின்மூன்று வயது, எங்களோடு இருக்கிறான்.

என் அப்பா என்னோடு விளையாடியதாக எனக்கு ஞாபகம் இல்லை. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அப்பம்மா கதை சொன்னார், சித்தப்பா சைக்கிள் பழக்கினார், பக்கத்து வீட்டு மாமி கோயிலுக்குக் கூட்டிப்போனார். அப்பா உழைத்தார், பள்ளிக்கூட அறிக்கையில் கையெழுத்து வைத்தார். உங்கள் வீட்டிலும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்திருக்கும். இங்கே அத்தனை பேருடைய வேலையும் உங்கள் இருவர் தலையில் வந்து விழுந்திருக்கிறது. நான்கு மணிக்கு உங்களை அலுவலகத்திலிருந்து எழுப்பி அனுப்புகிறார்களே, அந்த வேலைக்குத்தான் அனுப்புகிறார்கள்.

இந்த நாடு அதைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறது. பிள்ளை பிறந்தால் தகப்பனுக்கென்று தனியாக விடுப்பு ஒதுக்கும் முறை 1993இல் நான்கு கிழமையோடு, அதாவது நான்கு வாரத்தோடு, தொடங்கியது. அவர் எடுக்காவிட்டால் அது வீணாகிவிடும், தாய்க்கு மாற்ற முடியாது. 2003இல் மகள் பிறந்தபோது எனக்குக் கிடைத்ததும் அந்த நான்கு கிழமைதான். மகன் பிறந்த 2012இல் அது பன்னிரண்டாகியிருந்தது. மனைவி வேலைக்குத் திரும்பிவிட, காலையிலிருந்து மாலை வரை அவனும் நானும் மட்டும். எந்த அழுகை பசிக்கு, எந்த அழுகை தூக்கத்துக்கு என்று அப்போதுதான் கற்றேன். இப்போது அது பதினைந்து கிழமை. உங்கள் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், ஆனால் வேறு உரிமை இருக்கிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பெற்றோரில் ஒவ்வொருவரும் வருடத்துக்குப் பத்து நாள் சம்பளத்தோடு வீட்டில் நிற்கலாம். அந்த நாட்களை மனைவி மட்டும் எடுக்க விடாதீர்கள். நீங்கள் எடுத்தால் அலுவலகத்தில் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள்.

ஒன்றைத் தயங்காமல் சொல்லிவிடுகிறேன். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்ற பழமொழியைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். இங்கே பிள்ளையை அடிப்பது 1987 முதல் சட்டப்படி தடை. செல்லத் தட்டு, காது முறுக்கு எதற்கும் விலக்கில்லை. குழந்தைகள் நல அதிகாரிகளுக்குப் பயந்து கையைக் கட்டிக்கொண்டிருங்கள் என்று சிலர் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். பயந்து நிறுத்துகிற கைக்குப் பிள்ளையைத் தூக்கவும் தயக்கம் வந்துவிடும். பிள்ளைக்கு வலிக்கும் என்பதற்காக நிறுத்துங்கள்.

இனி விளையாட்டு. இதைப் பற்றித்தான் அதிகம் எழுத இருக்கிறது, ஏனென்றால் இதில்தான் நான் அதிகம் தவறினேன்.

மகள் ஏழு வயதில் கைப்பந்துக் குழுவில் சேர்ந்தாள். சந்தா கட்டினேன், சப்பாத்து வாங்கிக்கொடுத்தேன், மண்டப வாசலில் இறக்கிவிட்டு மேலதிக நேர வேலைக்கு ஓடினேன். பணம் கட்டியாயிற்று, இனிப் பயிற்றுநர் பார்த்துக்கொள்வார் என்பது என் எண்ணம். அந்தப் பயிற்றுநர் பகலில் தண்ணீர்க் குழாய் பொருத்துகிறவர். தன் மகளும் குழுவில் இருப்பதால், ஒரு காசு வாங்காமல் மாலையில் வந்து நிற்கிறார் என்பது எனக்கு நெடுநாள் தெரியாது. இங்கே பிள்ளைகளின் விளையாட்டு பெற்றோரின் கையால்தான் நடக்கிறது. அந்த வேலைக்கு 'டுக்னாட்' என்று பெயர். ஊரில் கோயில் திருவிழா வந்தால் ஆளுக்கொரு தடி தூக்கிப் பந்தல் போடுவோமே, அதேதான். மைதானத்தைக் கூட்டுவது, கோப்பி ஊற்றுவது, குழுவுக்குப் பணம் சேர்க்க வீடு வீடாகக் கழிவறைக் காகிதச் சுருள் விற்பது எல்லாம் அதில் அடக்கம்.

ஒரு சனிக்கிழமை போட்டி முடிந்து காரில் வரும்போது மகள் கேட்டாள்: "அப்பா, வாஃபல் மேசைக்கு வருகிறவர்களின் பெயர் எழுதிய தாளில் எல்லாருடைய அப்பா அம்மா பெயரும் இருக்கிறது. உங்கள் பெயர் ஏன் இல்லை?" குற்றம் சொல்லும் குரலில் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

வாஃபல் என்றால் இரும்பு அச்சில் சுடும் இனிப்புப் பலகாரம். அடுத்த தாளில் பெயர் எழுதினேன். வீட்டிலிருந்து மாவு கரைத்துக்கொண்டு வர வேண்டும் என்று செய்முறை அனுப்பியிருந்தார்கள். முட்டை, பால், மாவு, சீனி, உருக்கிய வெண்ணெய், கடைசியில் 'கார்டெமொம்மெ' என்று ஒரு சொல். என்னவென்று தெரியாமலே கடையில் பெயரைப் பார்த்து வாங்கி வந்தேன். சமையலறையில் உறையைக் கிழித்ததும் ஏலக்காய் மணம்! இந்த மக்கள் இனிப்புப் பன், கேக், வாஃபல் என்று பலவற்றிலும் ஏலக்காய் போடுகிறார்கள். இருபது வருடம் இந்த நாட்டில் இருந்தும் எனக்கு அது தெரியாமல் இருந்தது.

மறுநாள் காலை மண்டபத்தில் அந்த இரும்பு அச்சைத் திறந்தேன். ஆவி முகத்தில் அடித்தது. உள்ளே ஐந்து இதயங்கள் ஒட்டிக்கொண்ட வட்டமாக வாஃபல், ஓரம் மட்டும் பொன்னிறம். என் அம்மா சித்திரை வருடப்பிறப்பன்று பொங்கலுக்கு ஏலக்காய் தட்டிப்போடும் மணம் அந்தக் கைப்பந்து மண்டபம் முழுவதும் நின்றது. எங்கள் மாடிப்படியில் ஆறு வருடம் ஏறி இறங்கியும் என்னோடு தலையசைப்புக்கு மேல் போகாத ஒருவர் பக்கத்தில் நின்று வாஃபலுக்குப் பழுப்புச் சீஸ் சீவி வைத்துக்கொண்டிருந்தார். இரண்டு மணிநேரம் கதைத்தோம். அவருடைய அப்பாவும் வடக்கில் கொட் மீன் பிடித்தவராம். மகள் ஆடுகளத்திலிருந்து ஒவ்வொரு தடவையும் திரும்பி மேசையைப் பார்த்தாள், நான் நிற்கிறேனா என்று.

உங்கள் மகனை வீட்டுக்கு மிக அருகில் இருக்கிற கழகத்தில் சேருங்கள். நல்ல கழகம் எது என்று தேடி அலையாதீர்கள், வகுப்புத் தோழர்கள் போகும் கழகம்தான் நல்லது. ஏழு வயதில் உதைபந்தாட்டம் ஒரு பக்கத்துக்கு மூன்று பேராகத்தான் ஆடுவார்கள். பதினொரு வயதாகும் வருடம் வரை முடிவுப் பட்டியலும் தரவரிசையும் வைக்கக் கூடாது என்பது நாடு முழுவதற்குமான விதி. மற்றப் பிள்ளையைவிட என் பிள்ளை எத்தனையாவது என்று கேட்டுப் பழகிய எங்களுக்கு முதலில் இது சப்பென்றுதான் இருக்கும். பழகிப் பாருங்கள். தோற்ற பிள்ளை அடுத்த கிழமையும் சந்தோஷமாகச் சப்பாத்தைக் கட்டுவதைப் பார்ப்பீர்கள்.

பனிச்சறுக்குக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். 'பூவா' என்று உபகரணங்களை இலவசமாக இரவல் தரும் இடங்கள் பல ஊர்களில் இருக்கின்றன. காட்டுக்குள் விளக்குப் போட்ட சறுக்குப் பாதைகள் உண்டு, இருட்டைப் பற்றிக் கவலையில்லை. நீங்களும் பிள்ளையோடு சேர்ந்து பழகுங்கள். கிரிக்கெட் பிடிக்கும் என்று எழுதியிருந்தீர்கள். கோடையில் எக்கபெர்க் திடலுக்குப் போனால் பாகிஸ்தான் வம்சாவளிப் பிள்ளைகளோடு ஆடலாம். மகனுடைய போட்டி இல்லாத நாளில் போங்கள்.

வாசிப்புக்கு வருகிறேன். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது எனக்குப் பதினொரு வயது. ஏறக்குறைய 97,000 நூல்கள் என்று பெரியவர்கள் பிறகு கணக்குச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம், அப்பா அன்று இரவு சாப்பிடவில்லை என்பது மட்டும்தான். மகளுக்கு டைக்மான் நூலகத்தில் முதல் அட்டை எடுத்துக்கொடுத்த அன்று அது நினைவுக்கு வந்தது. 1785இல் திறந்த நூலகம் அது, இன்று நகரமெங்கும் அதன் கிளைகள். கடலோரம் பியோர்விகாவில் 2020இல் திறந்த தலைமைக் கட்டடத்துக்குப் பிள்ளைகளோடு ஒரு ஞாயிறு முழுவதும் போய்வாருங்கள். உங்கள் பகுதிக் கிளையில், நூலகர் இல்லாத நேரத்திலும் அட்டையால் கதவைத் திறந்து உள்ளே போக முடியுமா என்று கேட்டுப்பாருங்கள். ஆளில்லாத அறையில் இத்தனை புத்தகங்களை நம்பி விட்டுவைத்திருப்பதை முதல்தடவை கண்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. தமிழ்ப் புத்தகமும் கிடைக்கும். தேசிய நூலகத்தின் பன்மொழி நூலகம் பிற மொழி நூல்களை நாடு முழுவதும் கிளைகளுக்கு அனுப்புகிறது, கேட்டால் தருவிப்பார்கள்.

இரவில் வாசிக்கும் முறை எங்கள் வீட்டில் ஒரு சங்கடத்தில் தொடங்கியது. மகனுக்கு நான் நோர்வேஜிய மொழியில் வாசித்தால் 'கே-ஜே' என்று எழுதும் அந்த ஒலி என் வாயில் வராது. ஐந்து வயதில் அவன் என்னை நிறுத்தித் திருத்துவான். பிறகு வேலையைப் பிரித்துக்கொண்டோம். அவன் எனக்கு நோர்வேஜியத்தில் இரண்டு பக்கம் வாசிப்பான், நான் அவனுக்குத் தமிழில் இரண்டு பக்கம். அவன் என் 'கே-ஜே'யைத் திருத்தினான், நான் அவன் ழகரத்தைத் திருத்தினேன். எட்டு வருடமாக நடக்கிறது. இப்போது நான்கு பக்கம் நாற்பதாகிவிடுகிற இரவுகளும் உண்டு. கோடை விடுமுறையில் முதலாம் வகுப்பிலிருந்து ஏழாம் வகுப்பு வரையான பிள்ளைகளுக்கு நூலகங்கள் 'சொம்மர்லேஸ்' என்று ஒரு வாசிப்பு இயக்கம் நடத்தும், வாசிக்க வாசிக்கப் புள்ளி ஏறும். ஈஸ்டரில் இந்த நாடே துப்பறியும் கதை வாசிக்கும், பால் பெட்டியில்கூடக் கதை அச்சிட்டு வரும். அந்தப் பெட்டிகளை வைத்துத்தான் மகள் தனியாக வாசிக்கப் பழகினாள்.

தமிழ்ப் பள்ளிக்கூடம் வார இறுதியில் நடக்கும், போட்டிகளும் அன்றுதான் வரும். எங்கள் வீட்டில் தமிழ் வகுப்புக்கே முதலிடம். பருவம் தொடங்கும்போதே பயிற்றுநரிடம் சொல்லிவிட்டால் அவர்கள் மதிப்பார்கள். கடைசி நேரத்தில் சொன்னால்தான் கோபம்.

கோயிலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒஸ்லோவில் சிவசுப்பிரமணியர் ஆலயம் இருக்கிறது. கும்பிட்டுவிட்டு வந்துவிடாமல் உறுப்பினராகப் பதியுங்கள். பதிவுபெற்ற மதச் சமூகங்களுக்கு உறுப்பினர் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் அரசு மானியம் தருகிறது, ஒருவர் ஒன்றில் மட்டுமே இருக்கலாம். உங்கள் பெயர் ஒன்று கூடினால் கோயிலுக்கு அது உதவி.

வீட்டில் விளக்கேற்றுங்கள், ஆனால் விளங்கி ஏற்றுங்கள். பள்ளிக்கூடத்தில் எல்லாச் சமயங்களையும் பாடமாகக் கற்பிக்கிறார்கள். இந்து சமயப் பாடம் வந்த அன்று ஆசிரியர் என் மகளிடம், "உங்கள் வீட்டில் ஏன் விளக்கேற்றுகிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். அவளுக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டாள். சிறுவயதில் மனப்பாடம் செய்த பதிகங்கள் பத்துப் பதினைந்து எனக்கு இன்றும் வரும், ஆனால் அந்தக் கேள்விக்கு ஒரு வாக்கியம் வரவில்லை. அன்று முதல் வெள்ளிக்கிழமை இரவு வாசிப்பைச் சமயத்துக்கு ஒதுக்கினோம். ஒரு பதிகம், அதன் பொருள், அவர்கள் கேள்வி. "முருகனுக்குச் சட்டை இல்லையே, இங்கே குளிராதா?" என்று மகன் ஐந்து வயதில் கேட்டான். மனைவி எழுந்து போய்ப் படத்துக்கு ஒரு பட்டுத் துண்டு சாத்தினாள். இன்றும் நவம்பரில் சாத்துகிறாள்.

நத்தாருக்கு (கிறிஸ்துமஸுக்கு) முன் பள்ளிக்கூடத்திலிருந்து தேவாலய வழிபாட்டுக்கு அழைத்துப்போவார்கள். விருப்பமில்லை என்று எழுதிக் கொடுத்தால் வேறு ஏற்பாடு செய்வார்கள். நாங்கள் அனுப்பினோம். மற்றவர் கும்பிடும் இடத்தில் அமைதியாக உட்காரத் தெரிவதும் எங்கள் சமயம் கற்றுத்தந்ததுதான் என்பது என் எண்ணம். இதில் உங்கள் மனம் வேறாக இருந்தால் அதுவும் சரி, இருவரும் பேசி முடிவெடுங்கள்.

டிசம்பரில் மூன்றேகால் மணிக்கே சூரியன் விழுந்துவிடும். பிள்ளைகளின் குளிராடைகளில் ஒளி தெறிக்கும் பட்டை இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

என் மகனுடைய பழைய சறுக்குச் சப்பாத்துகள் நிலக்கீழ் அறையில் அளவு வாரியாக இருக்கின்றன. உங்கள் மகனின் கால் அளவை அனுப்புங்கள், எடுத்து வைக்கிறேன். வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்கு என் மகனுக்குப் போட்டி, வாஃபல் மேசையில் எனக்கு முறை. நால்வரும் வாருங்கள். மாவு நான் கரைத்து வருகிறேன், நீங்கள் கோப்பி ஊற்றினால் போதும்.

அன்புடன்,
அண்ணன்