கண்டெய்னருக்கு எவ்வளவு அனுமதி கொடுக்கலாம்? கேள்வி பதில்

பெருங்குடியிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, எங்கள் பில்டு சர்வரில் (நிரலைத் தொகுக்கும் மெஷின்) முழு அனுமதி தரும் 'பிரிவிலேஜ்ட்' போட்டால்தான், கண்டெய்னர்களை ஓட்டும் டாக்கருக்குள் இன்னொரு டாக்கர் ஓடுகிறது. கண்டெய்னருக்குள்தானே, என்ன ஆகிவிடும்?

கண்டெய்னர் தனி மெஷின் இல்லை தம்பி. ஹோஸ்டின், அதாவது அதைத் தாங்கும் மெஷினின், கெர்னலிலேயே (இயங்குதளத்தின் மையப்பகுதி) ஓடும் ஒரு பிராசஸ். நேம்ஸ்பேஸ் (எது கண்ணில் படலாம்), கேப்பபிலிட்டி (எந்த ரூட், அதாவது முழு நிர்வாகி, அதிகாரங்கள் உண்டு), செக்காம்ப் (கெர்னலிடம் எதைக் கேட்கலாம்) என்று அதைச் சுற்றி வேலி கட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். சாதாரணமாக ஓட்டினால் டாக்கர் 14 கேப்பபிலிட்டிகளை மட்டும் தரும். பிரிவிலேஜ்ட் போட்டால் எல்லாமே கிடைக்கும், செக்காம்பும் ஆப்ஆர்மர் என்ற இன்னொரு அணுகல் கட்டுப்பாடும் விலகிவிடும், ஹோஸ்டின் டிஸ்க்கும் உள்ளே தெரியும். அந்த டிஸ்க்கை உள்ளிருந்தே மவுண்ட் செய்து குறித்த நேரத்தில் கட்டளையைத் தானாக ஓட்டும் ஒரு கிரான் கோப்பு எழுதினால் ஹோஸ்ட் கைமாறிவிட்டது. எந்த மென்பொருள் ஓட்டையும் வேண்டாம். நாம் கொடுத்த அனுமதியே வழி. அதிலும் பில்டு சர்வர், ஊரார் எழுதிய பேக்கேஜ்களெல்லாம் வந்து ஓடும் இடம். இமேஜ் (கண்டெய்னரைக் கிளப்ப உதவும் கோப்புத் தொகுப்பு) கட்ட பில்டா என்ற கருவியோ, ரூட் உரிமை இல்லாமல் ஓடும் ரூட்லெஸ் பில்ட்கிட்டோ போதும். இந்த வாரமே மாற்றுங்கள்.

சோழிங்கநல்லூர் வாசகி: சார், நாங்கள் டாக்கருக்குக் கட்டளை போகும் வழியான டாக்கர் சாக்கெட்டை மட்டும்தான் உள்ளே மவுண்ட் செய்கிறோம், அதுவும் ரீட் ஒன்லி. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன், மேடம். ரீட் ஒன்லி என்பது அந்தக் கோப்பை அழிக்க விடாது. சாக்கெட் வழியாகக் கட்டளை அனுப்புவதைத் தடுக்காது. முன்பு தரமணியில் வேலை பார்த்தபோது எங்கள் கண்காணிப்புக் கண்டெய்னரிலும் இப்படித்தான் இருந்தது. டெஸ்ட் சர்வரில் நானே முயன்று பார்த்தேன். அந்தச் சாக்கெட் வழியாக, ஹோஸ்டின் எல்லாக் கோப்புகளும் அடங்கிய ரூட் அடைவை மவுண்ட் செய்த புதுக் கண்டெய்னர் ஒன்றைக் கிளப்பினேன். சில நிமிடத்தில் ஹோஸ்டில் ரூட். அன்று மாலையே அந்த மவுண்டை எடுத்தோம்.

கிண்டியில் படிக்கும் மாணவி: அனுமதியைக் குறைத்தால், கண்டெய்னரைத் தொடங்கிவைக்கும் ரன்சி நிரலின் ஓட்டைகளிலிருந்தும் தப்பலாமா சார்?

சிலவற்றிலிருந்து. 2019-இல் வந்த சிவிஇ-2019-5736 (சிவிஇ என்பது ஓட்டைகளுக்குத் தரும் பதிவு எண்), ஹோஸ்டில் இருக்கும் ரன்சி பைனரியையே உள்ளிருந்து மாற்றி எழுத விட்டது. உள்ளே ரூட்டாக இருப்பவரை ஹோஸ்டில் சாதாரண யூசராக்கும் யூசர் நேம்ஸ்பேஸைச் சரியாக அமைத்தவர்களிடம் அது பலிக்கவில்லை. 2024-இன் சிவிஇ-2024-21626-க்கு ரன்சி 1.1.12 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்புக்கு மாறுவதுதான் மருந்து. அனுமதிக் குறைப்பு, புதுப்பிப்பு இரண்டும் வேண்டும் அம்மா.

அம்பத்தூர் நண்பர்: பல மெஷின்களில் கண்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டீஸில் எங்கே தொடங்குவது? எதையாவது இறுக்கினால் புரொடக்‌ஷன் விழுந்துவிடுமோ என்று பயம்.

நியாயமான பயம். குபர்நெட்டீஸ் 1.25-இல், அனுமதிகளைக் கட்டுப்படுத்திய பழைய பாட் செக்யூரிட்டி பாலிசி போய்விட்டது. இப்போது நேம்ஸ்பேஸுக்கு (இங்கே அது குபர்நெட்டீஸ் கிளஸ்டருக்குள் ஒரு தனிப் பிரிவு, முன்பு சொன்ன கெர்னல் வேலி அல்ல) ஒரு லேபிள் போதும். முதலில் மிகக் கறாரான 'ரெஸ்ட்ரிக்டட்' தரத்தை 'வார்ன்' முறையில் வையுங்கள். எதுவும் நிற்காது, எச்சரிக்கை மட்டும் வரும். கேப்பபிலிட்டி எல்லாவற்றையும் விலக்குவது, ரூட் அல்லாத யூசர், செக்காம்ப் ரன்டைம் டீஃபால்ட் என்று ஒவ்வொன்றாகச் சரிசெய்துவிட்டு, மீறுவதைத் தடுக்கும் 'என்ஃபோர்ஸ்' போடுங்கள். 80-ஆம் போர்ட்டுக்காக ரூட் உரிமை கேட்பவர்களிடம், செயலியை 8080-ஆம் போர்ட்டில் இணைப்புகளை ஏற்க வைக்கச் சொல்லுங்கள். குபர்நெட்டீஸின் சர்வீஸ் என்ற அமைப்பு அதை வெளியே 80-ஆகக் காட்டும். நெட்வொர்க் பிளகின் போன்றவற்றுக்கு உயர் அனுமதி உண்மையிலேயே தேவைப்படும். அவற்றைத் தனி நேம்ஸ்பேஸில் வைத்து, அங்கே டிப்ளாய் செய்யும் உரிமையை ஓரிருவருக்கு மட்டும் கொடுங்கள்.