வாசகர் கேள்வி - பதில்: ஐனு ஓவியங்களில் ஆடையும் அன்றாட வாழ்வும்

கேள்வி: ஜப்பானின் வடக்கே ஹொக்கைடோ பகுதியில் வாழும் ஐனு மக்கள் மரப்பட்டை நாரால் நெய்த துணியை உடுத்தினார்கள் என்று படித்திருக்கிறேன். ஆனால் பழைய ஓவியம் ஒன்றில் அவர்களுடைய தலைவர்கள் பளபளக்கும் பட்டு அங்கியில் நிற்கிறார்கள். எதை நம்புவது?

பதில்: தாங்கள் பார்த்தது, ககிசாகி ஹக்யோ என்னும் ஓவியர் 1790-இல் வரைந்து முடித்த 12 உருவப்படங்களில் ஒன்றாக இருக்கக்கூடும். ஹொக்கைடோவின் தென்பகுதியில் இருந்த ஜப்பானியச் சிற்றரசான மட்சுமாயேயின் ஆளும் குடும்பத்தில் பிறந்தவர் அவர். படங்கள் முடிவதற்கு முந்தைய ஆண்டில், ஜப்பானிய வணிகர்களின் கொடுமை தாளாமல் குனாஷிர் தீவிலும், அதற்கு எதிரே ஹொக்கைடோவின் கிழக்குக் கரையில் உள்ள மெனாஷி பகுதியிலும் ஐனு மக்கள் கிளர்ந்தெழுந்தனர். 71 ஜப்பானியர் உயிரிழந்தனர். கிளர்ச்சி அடங்கியபின் சிற்றரசு 37 ஐனுக்களுக்கு மரண தண்டனை விதித்தது. கிளர்ச்சியை அடக்கத் துணைநின்ற தலைவர்களையே ஹக்யோ வரைந்தார். அவர்களுள் ஒருவர் பெண்.

அந்தப் பட்டு கற்பனை அன்று. சீனப் பட்டு அங்கிகள் அமூர் ஆற்றுப் பகுதியிலிருந்து சாகலின் தீவு வழியாக, கைமாறிக் கைமாறி ஐனு மக்களிடம் வந்தன. ஆயினும் அவை விழாக்களுக்கும் பரிமாற்றத்துக்கும் உரிய அரும்பொருள்களே தவிர, மீன் பிடிக்கவும் விறகு சுமக்கவும் உடுத்தியவை அல்ல. தொலைநாட்டவர் போன்ற தோற்றமுடைய வலிமைமிக்க தலைவர்களையும் நாங்கள் ஆள்கிறோம் என்று காட்ட வேண்டிய தேவை, கிளர்ச்சியால் பெயர் கெட்டுப்போயிருந்த சிற்றரசுக்கு அப்போது இருந்தது. 1791-இல் இப்படங்கள் கியோட்டோவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, பேரரசரின் பார்வைக்கும் வைக்கப்பட்டன. தூரிகைத் திறத்தில் ஈடு சொல்ல முடியாத படைப்பு இது என்பதில் எனக்கு ஐயமில்லை. அன்றாட உடைக்கு இதைச் சான்றாகக் கொள்வதைத்தான் நான் ஏற்கமாட்டேன். இவற்றுள் 11 படங்கள் இன்று பிரான்சின் பெசான்சோன் அருங்காட்சியகத்தில் உள்ளன.

கேள்வி: அப்படியானால் உண்மையான அன்றாட வாழ்வைக் காட்டும் ஓவியங்கள் இல்லையா?

பதில்: இருக்கின்றன. நான் முதலில் பரிந்துரைப்பது, ஷோகுன் எனப்படும் படைத்தலைவர் அப்போது ஜப்பானில் நடத்திய அரசின் பணியில் வடக்கே சென்ற முராகாமி ஷிமானோஜோ தொடங்கி, 1808-இல் அவர் மறைந்தபின் வளர்ப்பு மகன் தெய்சுகேயும் நில அளவையாளர் மாமியா ரின்சோவும் 1823-இல் நிறைவு செய்த படத்தொகுப்பைத்தான். தினை விளைவிப்பது, படகு செதுக்குவது, வீடு கட்டுவது என ஒவ்வொரு தொழிலையும் அதன் கருவிகளோடும் படிநிலைகளோடும் அது காட்டுகிறது.

அதில் நெசவுப் பகுதி தனிச் சிறப்புடையது. 'அட்டுஷ்' எனப்படும் துணிக்கு ஒரு வகை எல்ம் மரத்தின் உள்பட்டையே மூலப்பொருள். மரத்தில் சாறு ஏறும் பருவத்தில், மரம் பட்டுப்போகாதபடி பட்டையில் ஒரு பகுதியை மட்டும் உரித்தெடுத்து, நீரில் நாள்கணக்கில் ஊறவைத்து, ஏடு ஏடாகப் பிரித்து, உலர்த்தி, மெல்லிய நாராகக் கிழித்து, நுனியோடு நுனி முடிந்து நூலாக்கினார்கள். பாவின் ஒரு முனையைத் தொலைவில் உள்ள முளையிலும் மறுமுனையைத் தன் இடுப்பிலும் கட்டிக்கொண்டு, பெண் தரையில் அமர்ந்து நெய்வாள். அவள் உடலின் சாய்வே பாவுக்கு விறைப்புத் தரும். கழுத்து, கைவிளிம்பு, கீழ்விளிம்பு ஆகிய இடங்களில் பருத்தித் துணியை ஒட்டுத்தையல் இட்டு, சுருள்களும் முட்போன்ற கூர்முனைகளும் அமைந்த பூத்தையலைச் சேர்ப்பார்கள். வடக்கே விளையாத பருத்தி வணிகத்தில் வந்தது. கிடைத்த சிறு துண்டும் அவர்களுக்கு அருமையானது. இந்த உழைப்பை ஒரு தொழிலாக மதித்துப் பதிவு செய்த கண்ணை நான் போற்றுகிறேன்.

கேள்வி: ஓவியங்களில் பெண்களின் வாயைச் சுற்றிக் கருநீல நிறம் தெரிகிறதே?

பதில்: அது பச்சை குத்தியது. பூர்ச்சமரப் பட்டையை எரித்த கரியைக் கீறலில் தேய்த்து, சிறுமிப் பருவத்தில் தொடங்கிச் சிறிது சிறிதாக விரிவாக்கி, திருமண வயதுக்குள் முடிப்பார்கள். ஷோகுன் ஆட்சிக்குப்பின் 1868-இல் அமைந்த மெய்ஜி அரசு 1871-இல் இதைத் தடை செய்தது.

கேள்வி: சிறுவர் நூல் ஒன்றுக்கு ஐனு குடும்பத்தை வரைய இருக்கிறேன். பழைய ஓவியங்களைப் பார்த்து அப்படியே வரையலாமா?

பதில்: அப்படியே வேண்டாம். ஐனு மக்களின் கலை பூத்தையலிலும் மரச்செதுக்கிலும் செழித்தது. தம்மை உருவப்படமாகத் தீட்டும் வழக்கம் அவர்களிடம் இல்லாததால், நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் வெளியார் தீட்டியவை. பல படங்களில் ஜப்பானிய முறைக்கு மாறாக அங்கியின் வலப்பக்கம் மேலே வருமாறு மடிக்கப்பட்டிருப்பதைக் காண்பீர்கள். அவ்வாறு உடுத்துவதை நாகரிகமற்றோரின் அடையாளமாகப் பழஞ்சீன நூல்கள் கருதின. ஆகவே அதைக் கண்ணால் கண்ட பதிவு என்று உடனே கொள்ள இயலாது. ஹிராசாவா பியோசான் (1822-1876) ஐனு மக்களிடையே தங்கி வரைந்தவர் ஆதலால், 12 மாத வாழ்வைக் காட்டும் அவருடைய மடிப்புத்திரை ஓவியங்களும், 1857-இல் நடந்த அம்மைத் தடுப்பூசிப் பணியைக் காட்டும் ஓவியமும் தங்களுக்குப் பயன்படும். அவரும் வாங்குவோரின் விருப்பத்தை அறிந்து வரைந்தவரே என்பதையும் கருத்தில் கொள்ளுங்கள்.

கதை நிகழும் காலத்தை முதலில் முடிவு செய்யுங்கள். பெரிய வெள்ளைத் துணியை வெட்டி ஒட்டிய அகன்ற கோலங்கள் கொண்ட அழகிய பருத்தி அங்கி, பருத்தி தாராளமாகக் கிடைத்த மெய்ஜி காலத்தில்தான் பரவியது. 18-ஆம் நூற்றாண்டுக் கதையில் அது பொருந்தாது. வரைந்தவற்றை, ஷிராஓய் நகரில் 2020-இல் திறக்கப்பட்ட தேசிய ஐனு அருங்காட்சியகத்தின் உண்மையான ஆடைகளோடு ஒப்பிடுங்கள். இயன்றால், இன்றும் அட்டுஷ் நெய்யும் நிபுதானி ஊரின் ஐனு கைவினைஞர்களிடம் காட்டித் திருத்தம் கேளுங்கள்.