மின்மயானத்தில் தகனம் செய்தால் சடங்குகளை விட்டுவிட வேண்டுமா?

வேண்டியதில்லை. வாய்க்கரிசி, குடம் உடைப்பது எல்லாம் உலைக்கு வெளியே வழக்கம்போல நடக்கும். கொள்ளி மட்டும் பெரும்பாலும் ஒரு துண்டு கற்பூரமாகச் சுருங்கிவிடும். அப்புறம் உடல் உள்ளே போகும். ஏறக்குறைய 800 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒன்றிரண்டு மணி நேரத்தில் எலும்புதான் மிஞ்சும். அஸ்தி என்று கலயத்தில் வாங்கி வருவது அதைத்தான்.

நெஞ்சில் பேஸ்மேக்கர் இருந்தால் மருத்துவரிடம் சொல்லி முன்பே எடுத்துவிடுங்கள், சூட்டில் வெடிக்கும். வீட்டில் இறந்தவர் என்றால் மருத்துவர் சான்று கையில் இருக்கட்டும். இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும்.

பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிப்பது, தேவாரம் பாடுவது, நாலு வார்த்தை பேசுவது எல்லாவற்றையும் வீட்டு வாசலிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மயானத்தில் அடுத்த வண்டி வந்து நின்றால் யாராலும் நிதானமாக அழக்கூட முடியாது.