ஐந்து சென்ட் மனையில் என்னவெல்லாம் முடியும்? வேலூர்க்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

காட்பாடி, சத்துவாச்சாரி, பாகாயம், அரியூர் என்று வேலூரைச் சுற்றி மனை வாங்கி வீடு கட்டியவர்கள் பலர், வீட்டைச் சுற்றியுள்ள இடத்தில் பெர்மாகல்ச்சர் முறையில், அதாவது ஒன்றின் கழிவு இன்னொன்றுக்குப் பயன்படும்படி இடத்தைத் திட்டமிட்டு, தோட்டம் போட்டு, செலவைக் குறைத்து எளிமையாக வாழ முடியுமா என்று கேட்கிறார்கள். தொரப்பாடி பக்கம் சின்ன மனையில் பல வருடமாக அப்படி வாழ்ந்து வருவதால், தெரிந்ததைச் சொல்கிறேன். கேள்விகளைக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்.

அண்ணா, எங்களுடையது ஐந்து சென்ட். வீடு போக இரண்டரை சென்ட் இருக்கும். வீட்டுச் சாப்பாடு முழுக்க இதிலேயே விளைவிக்கலாம் என்று வீடியோக்களில் சொல்கிறார்களே, முடியுமா? (காட்பாடி)

முடியாதும்மா. கணக்கைப் பாருங்கள். ஏக்கருக்கு 75 கிலோ மூட்டையில் 25 மூட்டை நெல் என்று வைத்தால், ஐந்து சென்ட் முழுவதும் வயலாக இருந்தால்கூட 94 கிலோ நெல்தான். அரிசியாக்கினால் 60 கிலோ சொச்சம். நாலு பேர் வீட்டுக்கு இரண்டு மாதம் வரும். அரிசி, பருப்பு, எண்ணெயை வெளியில் வாங்கித்தான் ஆக வேண்டும். செக்கில் ஆட்டிய கடலெண்ணெய்க்கு நம் மாவட்டத்தில் பஞ்சமில்லை.

ஆனால் கீரை, கறிவேப்பிலை, முருங்கை, பப்பாளி, எலுமிச்சை, வாழை, பச்சை மிளகாய், பருவத்துக்கு ஒரு பந்தல் காய், இவ்வளவும் இரண்டரை சென்ட்டில் வரும். அதோடு குப்பை வெளியே போவது நிற்கும், கழிவுநீர் தெருவில் ஓடுவது நிற்கும், கோடையில் லாரித் தண்ணீர் குறையும், மேற்கு அறை குளிரும். இவற்றையும் சேர்த்துத்தான் விளைச்சலாகக் கணக்குப் போட வேண்டும்.

பெர்மாகல்ச்சரும் நம்மாழ்வார் ஐயா சொன்ன இயற்கை வேளாண்மையும் ஒன்றுதானா? (அணைக்கட்டு)

உறவுக்காரர்கள் என்று சொல்லலாம். பெர்மாகல்ச்சர் 1970களில் ஆஸ்திரேலியாவில் பில் மோலிசன், டேவிட் ஹோம்கிரன் என்ற இருவர் வகுத்தது. நம்மாழ்வார் பேச்சில் மண்ணும் மூடாக்கும் (மண்ணைச் சருகால் மூடி வைப்பது) விதையும் முன்னே நிற்கும். பெர்மாகல்ச்சரில் எது எங்கே இருக்க வேண்டும் என்ற அமைப்பு முன்னே நிற்கும். தினமும் கிள்ளும் கீரையும் கொத்தமல்லியும் சமையலறை வாசலிலிருந்து நாலு எட்டில் இருக்க வேண்டும், வருடத்துக்கு ஒருமுறை பறிக்கும் மரம் மனையின் கோடியில் நிற்கலாம். ஒன்றின் கழிவு இன்னொன்றுக்குத் தீனியாகப் போகிற மாதிரி பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். சின்ன மனைக்காரர்களுக்கு இந்த இட யோசனைதான் பெரிய உதவி.

தண்ணீர்தான் பிரச்சனை. போர் ஆயிரம் அடி போட்டும் மே மாதம் காற்றுதான் வருகிறது. இதில் தோட்டம் எங்கே போடுவது? (சத்துவாச்சாரி)

வேலூரில் யாரும் செடியிலிருந்து ஆரம்பிக்கக் கூடாது. முதலில் தண்ணீர், அடுத்து நிழல், கடைசியில்தான் செடி. கீழே முழுக்கக் கடினப் பாறை. பாறை வெடிப்புகளில் இருக்கிற தண்ணீர்தான் போரில் வருகிறது, அதுவும் மேலிருந்து இறங்கினால்தான் உண்டு.

நமக்கு வாய்த்த நல்லது, இரண்டு பருவமழையும் கிடைக்கிற ஊர் இது. ஆடி, ஆவணியில் சாயந்திரம் இடி மழை, ஐப்பசி, கார்த்திகையில் புயல் மழை. ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் சேதாரம் போக 1,500 லிட்டர் தண்ணீர் குழாயில் இறங்கும். ஒரே மழையில்! அது தெருவுக்கு ஓடுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

2003-ல் தமிழ்நாடு முழுக்க மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆனபோது பல வீடுகளில் குழி எடுத்தார்கள். இப்போது போய்ப் பாருங்கள், பாதிக்கு மேல் மண் அடைத்துக் கிடக்கும். ஆனி மாதமே அதைத் திறந்து, மேல் மணலை எடுத்துவிட்டு, ஜல்லியைக் கழுவிப் போடுங்கள். புதிதாக எடுப்பதானால் மூன்றடிக்கு மூன்றடி, ஐந்தாறடி ஆழம், அடியில் பெரிய கல், மேலே ஜல்லி, அதற்கு மேல் மணல். மாடித் தண்ணீரை நேராகப் போர் குழாய்க்குள் விடவே விடாதீர்கள், அழுக்கும் கிருமியும் அப்படியே நிலத்தடி நீரில் கலந்துவிடும். முதல் மழைத் தண்ணீரை மாடி அழுக்கோடு வெளியே விட்டுவிட்டு இரண்டாவது மழையிலிருந்து பிடியுங்கள். தொட்டியில் பிடிப்பவர்கள் கொசு வலை கட்டி மூடுங்கள். டெங்கு கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டை இடும்.

ஒரு வீடு செய்தால் என்ன ஆகும் என்று நினைக்காதீர்கள். கணியம்பாடி பக்கம் நாகநதிப் படுகையில் நூறு நாள் வேலைப் பெண்கள் உறை இறக்கி நீர் செறிவூட்டும் கிணறுகள், அதாவது மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் கிணறுகள் வெட்டினார்கள், நிலத்தடி நீர் ஏறியது. மண்ணுக்குள் தண்ணீர் இறங்க வழி கொடுத்தால் இந்த மாவட்டத்துப் பூமி கேட்கும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

குளிக்கிற, துவைக்கிற தண்ணீரைச் செடிக்கு விடலாமா? சோப்பு இருக்கிறதே? (பாகாயம்)

தாராளமாக விடலாம், ஆனால் விடுகிற இடம் முக்கியம். நாலு பேர் குளித்துத் துவைத்தால் ஒரு நாளைக்கு இருநூறு லிட்டருக்குக் குறையாது. கோடையில் நம் வீட்டில் தவறாமல் கிடைக்கிற ஒரே ஊற்று இதுதான்.

வாழை வட்டம் போடுங்கள். ஆறடி அகலத்துக்கு வட்டமாக, இரண்டடி ஆழத்துக்குக் குழி எடுத்து, எடுத்த மண்ணைச் சுற்றிலும் கரையாகப் போடுங்கள். கரையில் நாலு வாழை, இடையிடையே ஒரு பப்பாளி, சேம்பு, சர்க்கரைவள்ளிக் கொடி. குழிக்குள் தென்னை மட்டை, காய்ந்த கிளை, இலைச் சருகு, சமையலறைக் கழிவு என்று மேடு கட்டும் வரை கொட்டுங்கள். குளியலறைக் குழாயை அந்தச் சருகுக்கு அடியில் விடுங்கள். தண்ணீர் வெளியே தேங்காது, நாற்றம் வராது, கொசு வராது. குழி மட்கி அமுங்க அமுங்க மேலே போட்டுக்கொண்டே இருக்கலாம். கழிவறைத் தண்ணீர் மட்டும் இதில் சேரவே கூடாது.

துவைக்கிற பவுடரில் சோடியம் உப்பு அதிகம், அது மண்ணை இறுக்கும். நம் போர் தண்ணீரோ ஏற்கெனவே உப்பு. அதனால் பவுடரைக் குறைத்து, முடிந்தால் பூந்திக்கொட்டைக்கு மாறுங்கள். நல்ல மழை பெய்யும்போது மாடித் தண்ணீரையும் அந்த வட்டத்துக்கே திருப்பி விட்டால் சேர்ந்த உப்பு கரைந்து இறங்கும். கீரைப் பாத்திக்கும், மண்ணோடு ஒட்டி விளைந்து பச்சையாகச் சாப்பிடுகிற எதற்கும் சோப்புத் தண்ணீர் வேண்டாம்.

எங்கள் பக்கம் தோல் தொழிற்சாலைகள் அதிகம். கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கிறது. மீட்டரில் டி.டி.எஸ். பார்த்துவிட்டுத் தோட்டம் போடலாமா? (வாணியம்பாடி)

டி.டி.எஸ். மீட்டர் தண்ணீரில் கரைந்த மொத்த உப்பைத்தான் காட்டும், தோல் பதனிடுவதில் பயன்படுகிற குரோமியம் என்ற உலோகம் இருக்கிறதா என்று காட்டாது. உங்கள் பகுதியில் அது இரண்டும் தனித்தனிக் கவலை. பாலாற்றங்கரைத் தோல் கழிவு வழக்கில்தான் 1996-ல் உச்ச நீதிமன்றம் மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. மண்ணில் சேர்ந்தது அவ்வளவு சீக்கிரம் போகாது. தண்ணீரையும் மண்ணையும் ஆய்வகத்தில் கொடுத்து, கன உலோகங்களையும் பார்க்கச் சொல்லுங்கள். முடிவு வரும் வரை கீரையும் கிழங்கும் தரையில் போடாதீர்கள், குழந்தைகள் சாப்பிடுகிற வீடு என்றால் கண்டிப்பாக வேண்டாம். வெளி மண் கொண்டு வந்து தொட்டியில் மழைநீர் விட்டு வளர்க்கலாம். வெறும் உப்புதான் என்று தெரிந்தால் தென்னை, சப்போட்டா, பீட்ரூட் தாங்கும்.

மூடாக்கு போட்டால் பாம்பு வரும் என்று மாமியார் பயப்படுகிறார். (அரியூர்)

பெரியவர்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. பாம்பு பெரும்பாலும் எலிக்காகத்தான் வரும். வீட்டுச் சுவரிலிருந்து மூன்றடிக்குச் சருகு எதுவும் இல்லாமல் வெறும் தரையாக விடுங்கள். செங்கல், விறகு அடுக்கி வைக்காதீர்கள், சோறு சிந்தி எலியைக் கூப்பிடாதீர்கள், இருட்டில் டார்ச் இல்லாமல் போகாதீர்கள். பாம்பைப் பார்த்தால் தீயணைப்புத் துறைக்குச் சொல்லுங்கள். கடித்துவிட்டால் மந்திரம், கட்டுப் போடுவது எல்லாம் வேண்டாம், நேராக ஆஸ்பத்திரி.

பப்பாளியில் வெள்ளையாக மாவுப்பூச்சி. எந்த மருந்து அடிக்கலாம்? (குடியாத்தம்)

எதுவும் அடிக்காதீர்கள் தம்பி. இந்தப் பூச்சி 2008-ல் கோவையில் முதலில் தெரிந்தது. 2010-ல் அதைத் தின்னும் சின்னக் குளவி இனங்களைக் கொண்டு வந்து விட்டார்கள், அதன் பிறகுதான் அடங்கியது. மருந்து அடித்தால் முதலில் சாகிறது அந்தக் குளவிதான். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவுங்கள், எறும்பு ஏறாமல் பாருங்கள். எறும்புதான் மாவுப்பூச்சிக்குக் காவல்.

என் கணவர், "கீரைக்கட்டு இருபது ரூபாய்க்குக் கிடைக்கும்போது இவ்வளவு செலவு எதற்கு" என்கிறார். என்ன பதில் சொல்வது? (காந்தி நகர்)

அவர் சொல்வது சரியாக இருக்கலாம்! தோட்டத்துக்கு என்னென்ன வாங்கினீர்கள் என்று பாருங்கள். தென்னை நார்க்கழிவுக் கட்டி, பை, ஸ்டாண்டு, பாட்டில் பாட்டிலாகப் பயிர் ஊக்கி, இதெல்லாம் வாங்கினால் எளிய வாழ்க்கை எங்கே இருக்கிறது? ஒரு கடையை விட்டு இன்னொரு கடைக்குப் போயிருக்கிறோம், அவ்வளவுதான்.

நம் ஊரில் சும்மா கிடைப்பதைப் பாருங்கள். கரும்புச்சாறு வண்டியில் சக்கை, இளநீர்க் கடையில் மட்டை, கடலை உடைக்கிற இடத்தில் தோல், பக்கத்து வீட்டார் எரிக்கக் குவித்த வேப்பஞ்சருகு. ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள், சந்தோஷமாகத் தருவார்கள். சருகு எரிகிற புகையும் தெருவில் நிற்கும். விதையைச் சொந்தக்காரர்களிடம் வாங்குங்கள். முருங்கை, அகத்தி, கிளைரிசிடியா (தழை உரத்துக்கு வளர்க்கிற மரம்) மூன்றும் போத்தாகவோ (நடுவதற்கு வெட்டிய கிளை) விதையாகவோ இலவசமாகவே வரும். இப்படி நடத்தினால் உங்கள் வீட்டுக்காரர் கணக்குக் கேட்கும்போது தைரியமாக நோட்டை நீட்டலாம்.

கோடையில் எல்லாம் கருகிவிடுகிறது, என்ன செய்ய? (விரிஞ்சிபுரம்)

சித்திரை, வைகாசியில் காய்கறிப் பாத்தியை ஓய விடுங்கள். சுற்றிலும் பாறை மலை, ராத்திரிகூட அனல் இறங்காது. மேற்குப் பக்கம் அகத்தியும் முருங்கையும் நிழல் தரட்டும், ஆனால் முருங்கை காற்றில் ஒடியும், வீட்டிலிருந்து பத்தடி தள்ளி வையுங்கள். கோவைக்காய்ப் பந்தல் வெயிலைத் தாங்கும், அதன் அடியில் கறிவேப்பிலை, பொன்னாங்கண்ணி பிழைக்கும். பாத்தியைச் சருகால் கனமாக மூடிவிட்டு ஆடிப்பட்டத்துக்குக் காத்திருங்கள்.

இலவம்பாடி முள்ளு கத்திரியை வீட்டில் வைக்கலாமா, விதை எப்படி எடுப்பது? (வேலப்பாடி)

வையுங்கள்! 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் மாவட்டத்துக் காய், எண்ணெய்க் கத்திரிக்காய் செய்து பிரியாணியோடு சாப்பிட்டவருக்கு அருமை தெரியும். நாற்று விட்டு ஒரு மாதம் கழித்து, இரண்டடி இடைவெளியில் நடுங்கள். நுனி வாடித் தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது. அந்த நுனியைக் கிள்ளி எடுத்து அழித்துவிடுங்கள், குப்பைக்குழியில் போட்டால் திரும்ப வரும். அடுத்த முறை அதே இடத்தில் கத்திரி, தக்காளி, மிளகாய் வைக்க வேண்டாம்.

விதைக்கு நல்ல செடியாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மொட்டு விரியும் முன்பே மெல்லிய துணிப்பை கட்டிவிடுங்கள். தேனீ வேறு கத்திரியின் மகரந்தத்தைக் கொண்டு வராது. காய் பிடித்ததும் பையை எடுத்துவிட்டு, அடையாளத்துக்கு ஒரு நூல் கட்டுங்கள். நன்றாகப் பழுத்து மஞ்சளானதும் பறித்து, தண்ணீரில் பிசைந்து, மூழ்கும் விதையை மட்டும் எடுத்து நிழலில் உலர்த்துங்கள். சாம்பலில் புரட்டிக் காகிதப் பொட்டலத்தில் வைத்தால் அடுத்த ஆடிக்கு முளைக்கும். கொஞ்சம் கூடுதலாகவே எடுத்து வையுங்கள், கேட்டு வருபவர்களுக்குக் கொடுக்க வேண்டியிருக்கும்.