சோதனைகளில் குறையில்லை, அம்மாவுக்கு ஏன் நோகிறது?

கேள்வி: அம்மாவுக்கு வயது 68. அப்பா இறந்தபின் யாழ்ப்பாணத்திலிருந்து எங்களோடு இருக்கக் கனடாவின் ஸ்காபரோவுக்கு வந்து இரண்டு வருடங்களாகின்றன. எந்த நேரமும் தலையிடி, நாரி நோ, கால் உளைவு என்கிறார். சாப்பாடு குறைந்துவிட்டது, விடியற்காலை மூன்று மணிக்கே எழும்பிவிடுகிறார். எல்லாச் சோதனைகளும் சரியாக இருக்கின்றன. ஒரு வேலையும் செய்ய விடாமல் உட்காரவைத்துத்தான் பார்க்கிறோம். என்ன குறை, டொக்டர்?

பதில்: அன்புள்ள சகோதரி, அம்மாவின் நோ உண்மையான நோ. எங்கள் முதியவர்கள் பலர் மனச்சோர்வைக் கவலை என்று சொல்வதில்லை. நாரியையும் தலையையும்தான் காட்டுவார்கள். விடியுமுன் விழிப்பும் பசியின்மையும் எதிலும் பிடிப்பில்லாத நிலையும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், மனச்சோர்வா என்று பார்க்கும்படி குடும்ப வைத்தியரிடம் நேரடியாகவே கேளுங்கள். தைராய்டுக் குறைவு, பி12 குறைவு, இரத்தச்சோகை ஆகியவையும் ஆளை இப்படிச் சோரவைக்கும். செய்த சோதனைகளில் இவை இருந்தனவா என்று பாருங்கள். பேரப்பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். பேரனின் முன்னால் எந்தப் பாட்டி தன் துக்கத்தைச் சொல்வார்? தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

ஒரு வேலையும் செய்ய விடுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உறுத்தியது அந்த வரிதான். ஊரில் அவர் முற்றம் கூட்டி, முருங்கையிலை ஆய்ந்து, வேலியோரம் நின்று கதைத்து, அயலில் ஒரு கலியாணம் என்றால் ஆலோசனை சொன்ன மனிசி. இங்கே நீங்கள் வேலைக்குப் போனபின் நாள் முழுக்கத் தனியே இருக்கிறார். கனிவாகப் பார்க்கிறீர்கள், அதில் சந்தேகமில்லை. ஆனாலும் தன் வயதுக்காரரோடு பழைய கதை கதைக்கும் ஆறுதலைப் பிள்ளைகளால் கொடுக்க முடியாது. தன்னால் பிறருக்கு ஒரு பயன் உண்டு என்ற நினைப்பும் மனிதருக்கு வேண்டும். சமையலில் ஒரு நேரத்தையாவது அவர் பொறுப்பில் விடுங்கள். உப்புக் கூடினாலும் பரவாயில்லை.

ஸ்காபரோவில் தமிழ் முதியோர் கூடும் இடங்கள் உண்டு. 211 என்ற எண்ணை அழைத்துத் தமிழில் உதவி கேட்டால் மொழிபெயர்ப்பாளர் மூலம் விவரம் சொல்வார்கள். முதல் சில தடவை நீங்களே பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போங்கள். எங்கே ஏறுவது, எந்தத் தரிப்பில் இறங்குவது என்பது பழகியபின் தனியே போகட்டும். வீட்டுச் சாவி ஒன்று அவர் கையில் இருக்க வேண்டும். இதையெல்லாம் பனிக்கு முன்பே தொடங்குங்கள். டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும். அப்போது புதிதாக வெளிக்கிட மனம் வராது. ஊரோடு கதைப்பதும் நல்லதுதான். இங்கே காலை ஏழு மணி என்றால் அங்கே மாலை. சகோதரிகளோடு ஆறுதலாகக் கதைக்கலாம்.

போர்க்காலத்தைக் கண்டவர் என்பதால் கெட்ட கனவுகள் வருகின்றனவா, வாணவெடிச் சத்தத்துக்குத் திடுக்கிடுகிறாரா என்றும் கவனியுங்கள். இருந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள். அதற்கு வேறு சிகிச்சை உண்டு.

மனச்சோர்வு மாத்திரை கொடுத்தால் பயப்பட வேண்டாம். அது போதைப் பழக்கமாக மாறாது. பலன் தெரியச் சில வாரங்கள் எடுக்கும். வைத்தியரைக் கேட்காமல் இடையில் நிறுத்தக்கூடாது. "இருந்து என்ன பயன்" என்ற கதை அம்மாவின் வாயில் வந்தால் தள்ளிப்போடாதீர்கள். சாக நினைக்கிறாரா என்று நேரே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கனடாவில் 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை 24 மணி நேரமும் அழைக்கலாம். அங்கே ஆங்கிலம், பிரெஞ்சில்தான் பேசுவார்கள் என்பதால் நீங்கள் பக்கத்தில் இருந்து அழையுங்கள். உடனடி ஆபத்து என்றால் 911.