குவிக்பேசிக்ல (மைக்ரோசாஃப்டோட பழைய பேசிக் மொழி) என்விரான் (ENVIRON, டாஸோட என்விரான்மென்ட் வேரியபிளை மாத்துற கட்டளை) போட்டும், புரோகிராம் முடிஞ்சதும் டாஸ்ல வேரியபிள் நிக்கலைன்னு கேட்டதுக்கு

என்விரான் சரியாத்தான் வேலை செய்யுது, ஆனா அது உங்க புரோகிராம்கிட்ட இருக்கிற வேரியபிள் டேபிளோட சொந்த காப்பியை மட்டும்தான் மாத்தும், அதனால முடிஞ்சு டாஸ் பிராம்ப்ட்டுக்கு வந்து செட்னு (SET, வேரியபிள்களைக் காட்டவும் வைக்கவும் உள்ள டாஸ் கட்டளை) அடிச்சா பழசுதான் தெரியும்.

நம்பலைன்னா என்விரான் வரிக்குக் கீழேயே ஷெல் "செட்"னு (ஷெல், புரோகிராமுக்குள்ள இருந்தே டாஸ் கட்டளையை ஓட்டுறது) போட்டு ஓட்டுங்க, லிஸ்ட்ல உங்க வேரியபிள் இருக்கும்.

வெளியிலயும் வேணும்னா, செட் வரியை புரோகிராமே ஒரு குட்டி பேட்ச் ஃபைல்ல (டாஸ் கட்டளைகளை வரிசையா ஓட்டுற ஃபைல்) எழுதட்டும், புரோகிராமை ஓட்டுற மெயின் பேட்ச்ல அடுத்த வரியா அதை கால் பண்ணிடுங்க. கொஞ்சம் அசிங்கமான வழிதான், நான் அப்படித்தான் ஓட்டிட்டிருந்தேன்.

இன்னொண்ணு, என்விரான்ல நீளமா சேர்த்தா அவுட் ஆஃப் மெமரின்னு எரர் வரும், ராம் பத்தலைன்னு அலையாதீங்க, அந்த வேரியபிள் டேபிள்லதான் இடம் இல்ல. முன்னாடியே பேட்ச்ல ஒரு டம்மி வேரியபிளை நீளமா செட் பண்ணி வச்சு, புரோகிராமுக்குள்ள போய் அதை அழிச்சிட்டு உங்களோடதைப் போடுங்க.