பின்பக்கம் டிஸ்க் போடும் முன் அந்த டிரம்மை ஒருமுறை கழற்றிப் பாருங்கள்

கேள்வி: அண்ணா, நான் டர்பன் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறேன். பெரியப்பா ஓட்டிய 1983 கோல்ஃப் ஜிடிஐ இப்போது என் கையில். குளூஃப் பக்கமிருந்து ஃபீல்ட்ஸ் ஹில் இறங்கும்போது பிரேக் பெடல் ரொம்பக் கீழே போகிறது, இரண்டாவது தடவை மிதித்தால்தான் நன்றாகப் பிடிக்கிறது. ஹேண்ட்பிரேக் எங்கள் தெரு ஏற்றத்தில் நிற்பதே இல்லை. பின்னால் இன்னும் பழைய டிரம்தான். கோல்ஃப் 2-இன் பின் டிஸ்க் செட்டை அப்படியே மாட்டிவிடலாம், ரோட்வொர்த்தி சான்றிதழும் தானே எடுத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். பாதிப் பணம் முன்கூட்டியே வேண்டுமாம். ஸ்பிரிங் மாற்றிக் காரைக் கொஞ்சம் தாழ்த்தியும் இருக்கிறேன். டிஸ்க் போடலாமா?

பதில்: பணத்தைக் கொடுத்துவிட்டீர்களா தம்பி? இல்லையென்றால் கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் உங்கள் காருக்கு இப்போது தேவைப்படுவது டிஸ்க் இல்லை. ஒரு சனிக்கிழமை வேலையும், ஒரு பாட்டில் பிரேக் ஆயிலும், அநேகமாக ஒரு செட் ஷூவும் (டிரம்மின் உள்பக்கத்தை அழுத்திச் சக்கரத்தை நிறுத்துகிற வளைந்த கட்டை), அதைத் தள்ளுகிற வீல் சிலிண்டரும்தான்.

முதல் மிதியில் கீழே போய், உடனே இன்னொரு முறை மிதித்தால் மேலே வருகிற பெடல் என்றால், பின் டிரம்முக்குள் ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவே இடைவெளி கூடிவிட்டது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். ஹேண்ட்பிரேக் நிற்காததும் அதே காரணத்தால்தான். உங்கள் காரின் டிரம்முக்குள் ஆப்பு மாதிரி ஒரு சின்னத் தகடு இருக்கும், ஷூ தேயத் தேய ஒரு ஸ்பிரிங் அதைக் கீழே இழுத்து இடைவெளியைத் தானாகவே சரிசெய்யும். நம் டர்பன் உப்புக்காற்றில் அது துருப்பிடித்து இருந்த இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ஷூ தேய்ந்துகொண்டே போகும், ஆப்பு நகராது, பெடல் மாதாமாதம் கீழே இறங்கும், வண்டிக்காரர் ஹேண்ட்பிரேக் கேபிளை இறுக்கி இறுக்கிச் சமாளிப்பார். கேபிளை இறுக்குவது வைத்தியம் இல்லை. அது ஷூவை உள்ளே பாதி இழுத்தபடியே வைத்துவிடும், ஆப்பு வேலை செய்ய வாய்ப்பே இல்லாமல் போகும்.

வேறு மாதிரி பெடல் என்றால் வேறு நோய். பஞ்சு மாதிரி அமுங்கினால் காற்று புகுந்திருக்கிறது அல்லது ரப்பர் ஹோஸ் வீங்குகிறது. சிக்னலில் மிதித்தபடி நிற்கும்போது மெதுவாகத் தரைக்கு இறங்கினால், பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றுகிற மாஸ்டர் சிலிண்டருக்குள் கசிவு. பெடல் கல்லாக இருந்தும் வண்டி நிற்கவில்லையென்றால் முன் டிஸ்க்கைக் கவ்வுகிற பேட் சூட்டில் செத்துவிட்டது, இல்லையென்றால் மிதிக்குப் பலம் கூட்டுகிற பூஸ்டரைப் பாருங்கள். நீண்ட இறக்கத்தின் அடியில் மட்டும், அதுவரை நன்றாக இருந்த பெடல் திடீரென்று காலுக்கடியில் காணாமல் போனால் ஆயில் கொதித்திருக்கிறது, அது எல்லாவற்றிலும் மோசம்.

இந்தக் கடைசி விஷயத்தை நீங்கள் ஃபீல்ட்ஸ் ஹில் என்று எழுதியதால் அழுத்திச் சொல்கிறேன். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்கிற தர ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறிய பிறகு அதற்குத் தரம் கேட்பது வெறும் 155 டிகிரி. பெரியப்பா காலத்து ஆயிலே இன்னும் உள்ளே இருந்தால் அது இப்போது எந்த நிலையில் இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியதை நம் ஆட்கள் இருபது வருடம் மாற்றமாட்டார்கள், ஆனால் ரிம்முக்கு மட்டும் பணம் எப்படியோ வந்துவிடும். டாட் 4 போடுங்கள், திறந்து வைத்த பழைய பாட்டிலில் மிச்சம் இருந்ததை ஊற்றாதீர்கள். டாட் 5 என்று ஒன்று உண்டு, அது சிலிக்கான், பக்கத்திலேயே வராதீர்கள், டாட் 5.1 வேறு சாதி, அது பரவாயில்லை. இறங்கும்போது மூன்றாவது கியரில் இறங்குங்கள், இன்ஜினும் கொஞ்சம் வேலை செய்யட்டும்.

சரி, டிஸ்க்குக்கு வருவோம். வேகமாக ஓடும் காருக்கு நாலு பக்கமும் டிஸ்க் என்பது பார்க்க அழகு, ஆனால் உங்கள் கார் இன்ஜினை முன்னால் சுமந்து, முன்சக்கரத்தாலேயே ஓடுகிற லேசான கார். பலமாகப் பிரேக் பிடித்தால் எடை முழுவதும் மூக்கின் மேல் சாய்கிறது, நிறுத்துகிற வேலையில் முக்கால் பங்குக்கு மேல் முன் டிஸ்க்கே செய்கிறது. பின்னால் இருக்கிற 180 மி.மீ. டிரம் நல்ல நிலையில் இருந்தால் அதன் பங்குக்கு அது தாராளம். டிரம் சூடானால் விரிந்து ஷூவைவிட்டு விலகும், டிஸ்க் சூடானால் தடித்துப் பேடை நோக்கி வரும், அதனால் ஓயாத பிரேக்குக்கு டிஸ்க்தான் மேல் என்பது உண்மை. போர்ட் ஷெப்ஸ்டன் டெஸ்ஸி ரேஸ்வேயில் காரை விரட்டுகிறவர் கேட்டிருந்தால் நான் வேறு மாதிரி பேசியிருப்பேன். வேலைக்கும் கோவிலுக்கும் போய் வருகிற காருக்கு, அந்தப் பணத்தில் முன்னால் நல்ல பேட், புது ஹோஸ், நல்ல டயர் போட்டால் வண்டி இன்னும் சீக்கிரம் நிற்கும்.

இதை அந்த மனிதர் சொல்லமாட்டார். ஏனென்றால் ஆயில் மாற்றுவதில் அவருக்குப் பெரிய காசு இல்லை. இந்த "கம்ப்ளீட் செட்" வியாபாரிகளை எனக்கு நன்றாகத் தெரியும். சொந்தமாகக் கடையும் கிடையாது, லிஃப்டும் கிடையாது, ஒரு போனும் ஸ்கிராப்யார்டில் ஒரு நண்பரும்தான் முதலீடு. அவர்கள் கொடுக்கிற செட்டில், பேடை டிஸ்க்கின் மேல் அழுத்துகிற காலிப்பர் இரண்டும் டிஸ்க் இரண்டும் இருக்கும், எண்ணெயில் துடைத்து வெள்ளிப் பெயின்ட் அடித்திருக்கும். இல்லாதவற்றைக் கேளுங்கள். அச்சில் நாலு போல்ட்டில் உட்காரும் ஸ்டப் ஆக்சில் எங்கே? காலிப்பரைத் தாங்கும் கேரியர் எங்கே? ஹோஸ்? டிஸ்க்குக்கான ஹேண்ட்பிரேக் கேபிள், உங்கள் ஹேண்ட்பிரேக் லீவரில் சரியாக மாட்டுகிற நீளத்தில்? அகலமான மாஸ்டர் சிலிண்டர், பெரும்பாலும் 22 மி.மீ.? இந்தக் கடைசிச் சாமானை எல்லாரும் விட்டுவிடுவார்கள். காலிப்பரின் பிஸ்டன் டிரம்முக்குள் இருக்கும் குட்டிச் சிலிண்டரைவிடப் பெரியது, அதை நகர்த்த அதிக ஆயில் வேண்டும். பழைய மாஸ்டர் சிலிண்டரையே வைத்தால் பெடல் இன்னும் கீழே போகும். பெடல் கீழே போகிறது என்றுதானே நீங்கள் ஆரம்பித்தீர்கள்?

கோல்ஃப் 2-இன் அந்த இரும்புக் காலிப்பர் வேறொரு கதை. ஹேண்ட்பிரேக் லீவர் உள்ளே போகும் தண்டு துருப்பிடித்து இறுகிவிடும். வாங்கும் முன் லீவரைக் கையால் இழுத்து விடுங்கள், அது சட்டென்று திரும்பி அதன் நிறுத்தத்தில் முட்ட வேண்டும். மெதுவாக வந்தாலும் பாதியில் நின்றாலும் வேண்டாம், அந்தச் சக்கரம் ஓடும்போதெல்லாம் உரசிக்கொண்டே இருக்கும். கோல்ஃப் 4-இன் அலுமினியக் காலிப்பருக்கு இந்தத் தொல்லை குறைவு, ஆனால் ஹோஸ் பொருத்தம் மாறும். இன்னொன்று, இந்தக் காலிப்பர்களின் பிஸ்டனை ஜி-கிளாம்ப் வைத்து நசுக்கி உள்ளே தள்ளக்கூடாது, திருகிக்கொண்டே தள்ள வேண்டும். நசுக்கினால் உள்ளே இருக்கும் ஹேண்ட்பிரேக் திருகு போய்விடும். "எனக்கு எல்லாம் தெரியும்" என்கிறவரிடம் பிஸ்டனை எப்படி உள்ளே அனுப்புவீர்கள் என்று மட்டும் கேளுங்கள், ஆள் தெரிந்துவிடும்.

நீங்கள் காரைத் தாழ்த்தியிருப்பதாகச் சொன்னீர்களே, அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் டிஸ்க் போட்டாலும் போடாவிட்டாலும் இது உங்களைத் தொடும். பின் பிரேக்குக்குப் போகிற அழுத்தத்தைக் குறைத்துக் கொடுக்க ஒரு வால்வு உண்டு. சில கார்களில் அது மாஸ்டர் சிலிண்டரிலேயே திருகியிருக்கும், அப்படியென்றால் தாழ்த்தியதால் அதற்கு ஒன்றுமில்லை. சில கார்களில் அது பாடியின் அடியில், பின் அச்சுக்குப் பக்கத்தில் இருக்கும். அதிலிருந்து ஒரு ஸ்பிரிங் அச்சில் மாட்டியிருக்கும். பின் சீட்டில் நாலு பேர் உட்கார்ந்து டிக்கியில் சாமானும் ஏற்றினால் பாடி கீழே இறங்குகிறது, ஸ்பிரிங் வால்வைத் திறக்கிறது, பின் சக்கரத்துக்கு அதிக அழுத்தம் போகிறது. சுமை இருப்பதால் அது சரி. ஆனால் குட்டை ஸ்பிரிங் போட்டால் வண்டி காலியாக இருக்கும்போதே பாடி கீழே இருக்கிறது! வால்வு பாவம், வண்டி நிறைய ஆள் என்று நினைத்துக்கொண்டு முழு அழுத்தத்தையும் பின்னால் அனுப்புகிறது. மழையில் வளைவில் பலமாகப் பிரேக் பிடித்தால் பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளும், வண்டி வால் சுழன்று திரும்பும். முன் சக்கரம் பூட்டினால் நேராக வழுக்குவீர்கள், அது கெட்டதுதான், ஆனால் பின் சக்கரம் முதலில் பூட்டுவது கொல்லும். இப்போது இதன் மேல் பெரிய பின் டிஸ்க்கையும் மாட்டி, வால்வைத் தொடாமல் விட்டால் என்ன ஆகும் என்று நீங்களே யோசியுங்கள். குனிந்து உங்கள் காரில் வால்வு எங்கே என்று பாருங்கள். அச்சருகே இருந்தால் தாழ்த்திய உயரத்துக்கு ஏற்ப அதை மறுபடி செட் பண்ணச் சொல்லுங்கள், பிரஷர் கேஜ் வைத்துச் செய்கிற கடையில். கண்ணால் பார்த்துச் செய்கிற இடத்தில் வேண்டாம். இன்னொரு சின்ன விஷயம்: வண்டியை ஜாக்கில் தூக்கிப் பிரேக் குழாயிலிருந்து காற்று எடுக்கும்போது அச்சு தொங்குவதால் அந்த வால்வு மூடிக்கொள்ளும், பின்பக்கம் ஆயில் சரியாக வராது, வால்வின் லீவரைக் கையால் தள்ளிப் பிடித்தபடி எடுக்கவேண்டும்.

ரோட்வொர்த்தியைத் தானே பார்த்துக்கொள்வதாக அவர் சொன்னதுதான் எனக்கு எரிச்சலாக இருக்கிறது. பெரியப்பா பெயரிலிருந்து உங்கள் பெயருக்கு மாற்றும்போது ரோட்வொர்த்தி சான்றிதழ் வேண்டும், உண்மை. அது பிரேக்கை உருளையில் ஏற்றிப் பார்த்துத் தருவது. இடது வலது சமமாகப் பிடிக்கிறதா, ஹேண்ட்பிரேக் நிற்கிறதா என்று. வண்டியே போகாமல் காகிதம் மட்டும் வருகிறதென்றால் நீங்கள் காசு கொடுத்து வாங்குவது உங்கள் பிரேக் கெட்டிருக்கிறது என்பது தெரியாமலிருக்கும் உரிமையை. நம் தென்னாப்பிரிக்கச் சட்டமும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை, சொந்தக் கார் ஒரே பெயரில் முப்பது வருடம் இருந்தால் ஒருவரும் அதன் பிரேக்கைப் பார்க்கமாட்டார்கள். வருடா வருடம் வரிசையில் நின்று லைசென்ஸ் டிஸ்க்குக்குப் பணம் கட்டினால் போதும், கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு போகலாம். பிரேக் லைனிங்குக்கு அரசின் தரக்கட்டுப்பாட்டு அமைப்பான என்ஆர்சிஎஸ் கட்டாயத் தரம் வைத்திருக்கிறது, நல்லது, ஆனால் பெயர் தெரியாத பெட்டியில் ஷூ விற்கிற கடை ஒன்றுகூட மூடியதாகத் தெரியவில்லை.

கையில் இருக்கிற சட்டத்தையாவது பயன்படுத்துங்கள். 2008ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 15ஆம் பிரிவு, வேலைக்கு முன் மதிப்பீடு கேட்கலாம், அதைத் தாண்டி உங்கள் சம்மதம் இல்லாமல் வசூலிக்க முடியாது. 67ஆம் பிரிவு, கழற்றிய பழைய சாமானைத் தனியாக எடுத்து வைத்து உங்களிடம் திருப்பித் தரவேண்டும். கேட்டு வாங்குங்கள், சாக்கில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். புதிது மாட்டினேன் என்று சொல்லிப் பழையதைக் கழுவி மாட்டுகிற வித்தை அங்கேதான் சிக்கும். அப்புறம் டிஸ்க்குக்கு மாற்றினால் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் சொல்லிவிடுங்கள். சொல்லாத மாற்றம் என்று கிளெய்மைத் தள்ளிவிட அவர்களுக்கு அது ஒன்றே போதும்.

ஆக இந்த வாரம் செய்ய வேண்டியது: டிரம்மைக் கழற்றுங்கள். வராமல் அடம்பிடித்தால் வீல் போல்ட் துளை வழியாக ஸ்க்ரூடிரைவரை விட்டு அந்த ஆப்பை மேலே தள்ளுங்கள், ஷூ தளர்ந்து வரும். தூசியை கம்ப்ரஸரில் ஊதாதீர்கள். நம் நாட்டில் ஆஸ்பெஸ்டாஸ் தடை 2008இல்தான் வந்தது, பழைய ஷூவில் என்ன இருக்கிறது என்று யார் கண்டது, ஈரத்துணியால் துடையுங்கள். வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை விலக்கிப் பாருங்கள், உள்ளே ஈரமென்றால் இரண்டு பக்கமும் மாற்றுங்கள், ஒன்றை மட்டும் மாற்றினால் உருளையில் ஏற்றும்போது இடமும் வலமும் சேராது. டிரம்மில் அனுமதிக்கும் அதிகபட்ச விட்டம் வார்த்து எழுதியிருக்கும், அதைத் தாண்டியிருந்தால் தூக்கிப் போடுங்கள், கடைந்து பயன்படுத்தலாம் என்கிறவர் பேச்சைக் கேட்காதீர்கள். ஆப்பைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கேபிளைத் தளர்த்திவிட்டு, பெடலைப் பலமுறை மிதித்து ஷூ தானாக உட்கார்ந்த பிறகுதான் கேபிளைத் தொட வேண்டும். புது ஆயில் ஊற்றிக் காற்று எடுங்கள்.

இவ்வளவும் செய்து, வால்வையும் சரிபார்த்து, அதே இறக்கத்தில் மறுபடி பெடல் இறங்கினால் எழுதுங்கள், அப்போது மாஸ்டர் சிலிண்டரைப் பற்றிப் பேசலாம். அதுவரை அந்த மனிதரிடம் செட்டின் சாமான் பட்டியலை விலையோடு எழுத்தில் கேட்டுப் பாருங்கள். அநேகமாக அதற்குமேல் அவர் போன் எடுக்கமாட்டார்.